பிறழ்வு, விலகல், வழு, திரிபு: எங்கே எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதுமே என் அன்றாட வேலை. ஒரு நெறியிலிருந்தோ அளவிலிருந்தோ மாறிப்போவதைக் குறிக்கும் சொற்களில் எதை எங்கே எழுதுவது என்ற ஐயம், பொறியாளர், வழக்கறிஞர், ஆசிரியர், மாணவர் என்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

‘பிறழ்வு’ன்னா சரியா என்ன பொருள்? அகராதியில பார்த்தா பத்து சொல் போட்டிருக்காங்களே?

ஒரு பொருள் இருந்த இருப்பில் இல்லாமல் புரண்டு மாறுவதே ‘பிறழ்’ என்னும் வினையின் அடிப்படை. தெளிந்த நீரில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் கெண்டை மீன் சட்டென்று பக்கவாட்டில் புரளும்போது அதன் வயிற்றுப் பக்கம் ஒரு கணம் வெள்ளியாக மின்னி மறையும். பழைய பாடல்களில் கயல் பிறழ்கிறது என்று வருவது அந்தக் காட்சியைத்தான். பெண்களின் கண்ணுக்கு அதையே உவமையாகவும் சொன்னார்கள். அங்கே பிறழ்தலில் குற்றம் எதுவும் இல்லை, அழகுதான் இருக்கிறது.

அந்தப் புரளலை முறைக்கும் சொல்லுக்கும் நெறிக்கும் ஏற்றிச் சொன்னபோது ‘முறை பிறழ்தல்’, ‘சொல் பிறழ்தல்’, ‘நெறி பிறழ்தல்’ ஆகிய வழக்குகள் பிறந்தன. அகராதி தரும் பத்துச் சொற்களும் இந்த இரண்டாம் பொருளைச் சுற்றி நிற்பவை. அவை ஒன்றுக்கொன்று அண்டை வீட்டுக்காரர்களே தவிர, ஒரே வீட்டில் இருப்பவர்கள் அல்லர்.

பிறழ்வா, பிரழ்வா? ‘பிறழ்ச்சி’ன்னும் எழுதறாங்களே?

‘பிரழ்வு’ பிழை, வல்லின றகரமும் சிறப்பு ழகரமும் வரும் எழுத்துக்கூட்டே சரி. பிறழ்வு, பிறழ்ச்சி இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்த தொழிற்பெயர்கள், இரண்டும் பிழையற்றவை. நடைமுறையில் அறிவியல் பாடநூல்கள் ‘பிறழ்ச்சி’யைப் பிடித்துக்கொண்டன (நிறப்பிறழ்ச்சி, குரோமோசோம் பிறழ்ச்சி), செய்தித்தாளும் கட்டுரையும் ‘பிறழ்வு’ என்றே எழுதுகின்றன. ஒரே நூலுக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

விலகலும் பிறழ்வும் ஒண்ணுதானே? மாத்திப் போட்டா என்ன ஆகப்போகுது?

நானும் அப்படி நினைத்துத்தான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கட்டட ஆய்வு அறிக்கையில் ‘மேற்குச் சுவர் தூக்குக்குண்டு நூலிலிருந்து 12 மில்லிமீட்டர் விலகியுள்ளது’ என்று பொறியாளர் எழுதியிருந்தார். அதே பக்கத்தில் ‘விலகல்’ நான்கு முறை வந்துவிட்டதே என்று, இந்த இடத்தில் மட்டும் ‘பிறழ்ந்துள்ளது’ என்று மாற்றிவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி: “சுவர் என்னங்க தப்பு பண்ணிச்சு?”

அவர் கேட்டது நியாயம். விலகல் என்பது தூரம். அதை மில்லிமீட்டரிலும் பாகையிலும் விழுக்காட்டிலும் அளந்து எழுதலாம், அளவுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். பிறழ்வை அப்படி அளப்பதில்லை. ஒழுங்கு ஒன்று குலைந்துவிட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பத்து விழுக்காடு விலகல்’ என்று எழுதினால் இயல்பாக இருக்கிறது. ‘பத்து விழுக்காடு பிறழ்வு’ என்று எழுதினால் காது ஒப்பவில்லை. எண் வரும் இடத்தில் விலகலை எழுதுங்கள். ஒரே சொல் நான்கு முறை வருவது குற்றமன்று என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போ ஒவ்வொரு சொல்லையும் எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கறது? ஏதாவது ஒரு வழி சொல்லுங்க.

எதிலிருந்து மாறிப்போகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் இந்தக் கருத்துக்கு ஒரே பொதுச்சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. அளவுகோலை எந்த உருவத்தில் மனத்தில் வைத்திருக்கிறோமோ அந்த உருவத்துக்கு ஏற்ற வினையை வைத்திருக்கிறது. அளவுகோல் ஒரு நேர்கோடாக இருந்தால் அதிலிருந்து மாறுவது கோணல், கோட்டம். செவ்விதாக நிற்கும் கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் 55, 56 என அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்பது, ஒரே கோலின் நிமிர்வையும் வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது போலத் தோன்றும். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று தொடங்கும் 118-ஆம் குறள், ஒருபக்கம் சாயாத தராசுக்கோலைக் காட்டி, ‘ஒருபால் கோடாமை’ சான்றோர்க்கு அணி என்கிறது. கொத்தனார்கள் இன்றும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு ‘கோணல் விழுந்திருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் ஒரு நேர்கோடுதான்.

அளவுகோல் கால் வைத்து நடக்கும் வழியாக இருந்தால் மாறுவது வழுவல், இழுக்கம், சறுக்கல். ‘ஒழுக்கம்’ என்பது ஒழுகுவது, அதாவது ஒரே ஓட்டமாகச் செல்வது. ‘இழுக்கம்’ அதன் எதிர். 137-ஆம் குறள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது: ‘ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி.’ இரண்டு குறள் தள்ளி, ஒழுக்கமுடையவர் தீய சொல்லை ‘வழுக்கியும்’ சொல்லமாட்டார் என்று வருகிறது. உரைகாரர்கள் அதற்கு மறந்தும் என்று பொருள் கொள்கிறார்கள். ஆனால் ஈரத்தரையில் கால் வழுக்குவதும் அந்தச் சொல்லில் தெரியாமல் போவதில்லை. வழுக்குமரம் ஏறுகிறவர் யாரும் வேண்டுமென்று கீழே வருவதில்லை அல்லவா? வழுவுக்கு அந்த இரக்கம் உண்டு.

அளவுகோல் எல்லைக்கோடாக இருந்தால் தாண்டுவது மீறல். ‘அத்துமீறல்’ என்பதில் வரும் ‘அத்து’ எல்லை என்னும் பொருளில் உருதுவழி வந்த அரபுச் சொல். அளவுகோல் ஒரு பொருளின் நிலையாக இருந்தால் மாறுவது திரிபு. அளவுகோல் குறியாக, இலக்காக இருந்தால் மாறுவது தவறு அல்லது பிழை. அளவுகோல் வரிசையாக, முறையாக இருந்தால் பிறழ்வு. பேச்சில் வரும் ‘பிசகு’, பொருந்தியிருந்த இரண்டு ஒன்றைவிட்டு ஒன்று நழுவுவதைக் குறிக்கும்: கணக்குப் பிசகும், நரம்பு பிசகும், படி இறங்கும்போது கால் பிசகும்.

தவறு, தப்பு, பிழை – இந்த மூணுல எதை எழுதறது?

மூன்றுக்கும் அடியில் ஒரே படம் இருக்கிறது: குறியைத் தொடாமல் போவது. ‘பேருந்தைத் தவறவிட்டேன்’, ‘தவறாமல் வரவும்’ என்ற தொடர்களில் குற்றம் என்ற பொருளே இல்லை. தப்புவதும் பிழைப்பதும் இன்னும் விந்தையானவை. இரண்டுமே தவறு செய்வதையும் உயிர்தப்புவதையும் சேர்த்தே குறிக்கின்றன. ‘தப்பிப் பிழைத்தான்’ என்னும்போது நாம் யாரையும் குறைசொல்லவில்லை. இந்த இரண்டு பொருளும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்பதை 772-ஆம் குறள் கண்முன் காட்டிவிடும்: ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.’ காட்டு முயலின்மேல் பாய்ந்த அம்பைவிட, யானையின்மேல் எறிந்து குறி தப்பிய வேலைக் கையில் ஏந்துவது இனிது. வேல் பிழைத்தது, அதனால் யானையும் பிழைத்தது. எறிந்தவன் பக்கம் நின்று பார்த்தால் பிழை. யானையின் பக்கம் நின்று பார்த்தால் பிழைப்பு.

இன்றைய வழக்கில், எழுத்திலும் கணக்கிலும் வருவதைப் பிழை என்பதும் (எழுத்துப்பிழை, அச்சுப்பிழை), செயலில் வருவதைத் தவறு என்பதும் தமிழ்நாட்டு எழுத்து நடை. ‘தப்பு’ பேச்சுக்கே உரியதாகிவிட்டது. இலங்கையில் ‘பிழை’ அன்றாடப் பேச்சுச் சொல். நாம் ‘அது தப்பு’ என்னும் இடத்தில் அவர்கள் ‘அது பிழை’ என்பார்கள். தமிழ்நாட்டு வினாத்தாளில் ‘சரியா, தவறா’ என்று வருவது அங்கே ‘சரியா, பிழையா’ என்று வரும். இலங்கை எழுத்தாளர் ஒருவரின் கட்டுரையில் பிழையைத் தவறு என்று ‘திருத்துவது’ திருத்தம் ஆகாது.

‘நெறியை வழுவி’ன்னு எழுதலாமா, ‘நெறியிலிருந்து வழுவி’ன்னுதான் எழுதணுமா?

‘நெறி வழுவி’ என்று உருபின்றி எழுதுவது மிகவும் இயல்பு. உருபு வேண்டுமென்றால் ‘நெறியினின்று’ அல்லது ‘நெறியிலிருந்து’. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் முதலாவது நீங்கல். இந்தச் சொற்கள் எல்லாம் நீங்கலைச் சொல்பவை ஆதலால் அந்த வேற்றுமையையே நாடும். பழைய நடையில் ‘இன்’ மட்டுமே போதும்: 124-ஆம் குறளின் ‘நிலையின் திரியாது’ என்பது, தன் நிலையிலிருந்து மாறாது என்று பொருள்படும்.

‘மீறு’ மட்டும் வேறு குடும்பம். அது செயப்படுபொருளை எடுக்கும் வினை: விதியை மீறினார், சொல்லை மீறினார். ‘விதியிலிருந்து மீறினார்’ என்பது நாள்தோறும் கண்ணில் படும் பிழை. அதுபோலவே ‘விதியைப் பிறழ்ந்தார்’ என்பதும் ஒட்டாது. ‘விதி பிறழ்ந்தார்’ அல்லது ‘விதியினின்று பிறழ்ந்தார்’ என்க.

புள்ளியியல்ல ‘திட்டவிலக்கம்’ சரியா, ‘நியம விலகல்’ சரியா? பையன் பாடப் புத்தகத்துல ஒண்ணு, இணையத்துல வேற ஒண்ணு.

இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘திட்டவிலக்கம்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘நியம விலகல்’ என்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தன் பாடநூலில் உள்ளதையே எழுதட்டும்.

சொல்லை மட்டும் பார்த்தால் எனக்கு ‘விலகல்’ மேல்தான் சாய்வு. ஐந்து பேர் 40, 45, 50, 55, 60 மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து நிற்கும் தூரம் −10, −5, 0, 5, 10, கூட்டினால் சுழியம். ஆகவே வர்க்கப்படுத்திக் கூட்டி (250), ஐந்தால் வகுத்து (50), வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7.07. இங்கே யாரும் யாரையும் விலக்கவில்லை. மதிப்பெண்கள் தாமாகவே விலகி நிற்கின்றன. அறுபது வாங்கியவரும் விலகித்தான் நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள்: மேலே உள்ள சுவர்க் கதையில் சொன்னது போல, விலகலில் பழியும் இல்லை, புகழும் இல்லை. அறிவியலில் வேறு சில பெயர்களும் உண்டு. முப்பட்டகத்தில் ஒளிக்கதிர் திரும்புவதைப் பாடநூல் ‘திசைமாற்றம்’ என்கிறது. ஒரு வில்லை எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்கத் தவறுவது நிறப்பிறழ்ச்சி. பின்னதில் வில்லையிடம் நாம் எதிர்பார்த்த ஒழுங்கு குலைகிறது, எனவே பிறழ்ச்சி என்ற பெயர் பொருந்தியே இருக்கிறது.

விலகல், விலக்கம், விலக்கு, விதிவிலக்கு… தலை சுத்துது. எல்லாம் ஒரே வேர்தானே?

வேர் ஒன்றுதான், ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை. தானே ஒதுங்கினால் விலகல். இன்னொருவர் ஒதுக்கினால் விலக்கல். பதவி விலகியவரும் பதவியிலிருந்து விலக்கப்பட்டவரும் மறுநாள் வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் செய்தியில் ஒரு ககர ஒற்று தவறினால் மானநட்ட வழக்கு வரும்.

‘விலக்கு’ பெயராக வரும்போது இரண்டு எதிரெதிர்ப் பொருள்கள் உண்டு. மதுவிலக்கில் அது தடை. வரிவிலக்கில் அது சலுகை. விதிவிலக்கு இரண்டாம் வகை: விதியே சிலரை, சிலவற்றைத் தன் பிடியிலிருந்து விடுவிக்கிறது. எனவே விதிவிலக்கும் விதிமீறலும் ஒன்றல்ல. விதிவிலக்கு, விதி அறிந்து இடம்கொடுத்தது. விதிமீறல், விதி இடம்கொடுக்காதது.

‘வழு’ன்னா பிழைதான்னு பள்ளியில படிச்சோம். அப்புறம் ‘வழுவமைதி’ன்னு ஒண்ணு, அதைச் சரின்னும் சொல்றாங்க. எப்படி?

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு ஆகிய ஏழும் ஒன்றோடொன்று மயங்கினால் வழு என்கிறது. ‘அவன் வந்தது’ என்பது திணை வழு. மயங்காமல் நிற்பது வழாநிலை. இலக்கணப்படி வழுவாக இருந்தும், ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

தொழுவத்தில் கட்டியிருக்கும் பசுவைப் பார்த்து ‘எங்க லட்சுமி வந்துட்டா’ என்று ஒரு பாட்டி சொல்கிறார். பசு அஃறிணை, ‘வந்தாள்’ உயர்திணை முடிவு. பாட்டிக்குத் திணை தெரியாமல் இல்லை, அன்பு மிகுந்துவிட்டது. மகளை ‘வாடா ராசா’ என்று கொஞ்சும் தாய் பால் வழுவை அமைதியாக்குகிறார். ‘முதலமைச்சர் நாளை மதுரை வருகிறார்’ என்று எதிர்காலத்தை நிகழ்காலத்தில் சொல்லும் செய்தி, உறுதி பற்றிக் காலத்தில் வழுவுகிறது. உவப்பு, சிறப்பு, உறுதி, விரைவு ஆகிய காரணங்களை நம் இலக்கணம் முன்பே எண்ணிப் பார்த்து இடம்விட்டிருக்கிறது. முந்தைய விடையில் சொன்ன விதிவிலக்குக்கு இது உறவு என்றாலும் ஒன்றன்று. விதிவிலக்கில் வழுவே இல்லை, வழுவமைதியில் வழு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கணினிக்காரர்கள் மென்பொருள் கோளாறுக்கு ‘வழு’ என்றும், அதைச் சரிசெய்வதற்கு ‘வழுநீக்கம்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தொல்பொருளை எடுத்துத் துடைத்துப் புழங்குவது போன்ற நல்ல தேர்வு.

‘திரிபு’ன்னா மோசமான சொல்லா? என் ஊர்ப் பேச்சைத் ‘திரிந்த தமிழ்’னு ஒருத்தர் எழுதிட்டார்.

பால் திரிந்தால் மோசம்தான். காய்ச்சும்போது திரிதிரியாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின்மேல் வெறுப்பு வருவது இயற்கை. செய்தியைத் திரித்தலும் மோசம்தான். ஆனால் இலக்கணத்தில் திரிதல் வெறும் மாற்றம். விகாரப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று; ‘பொன் + குடம்’ பொற்குடம் ஆவதில் னகரம் றகரமாகத் திரிகிறது, குடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ‘விகாரம்’ என்ற சொல்லும் இதே கதிக்கு ஆளானது. இலக்கணத்தில் அது மாறுதல், பேச்சில் அருவருப்பு, இலங்கை உயிரியல் பாடத்தில் மரபணுவில் நேரும் திடீர் மாற்றம். தமிழ்நாட்டுப் பாடநூல் அதையே ‘சடுதி மாற்றம்’ என்கிறது.

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது. கிள்ளை (கிளி), மஞ்ஞை (மயில்) ஆகிய திரிசொற்கள் கற்றவர்க்கு மட்டும் விளங்குபவையாக, மதிப்புடனே வைக்கப்பட்டன. தஞ்சாவூர் தஞ்சை ஆவதும், கோயம்புத்தூர் கோவை ஆவதும் மரூஉ. நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கில் சேர்க்கிறது. பிழைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆகவே உங்கள் ஊர்ப் பேச்சைத் ‘திரிந்த தமிழ்’ என்று பழிக்க இலக்கணத்தைத் துணைக்கு அழைக்க முடியாது. எழுதியவர் பால்காரரின் பொருளில் எழுதியிருக்கிறார். ‘வட்டார வழக்கு’ என்று திருத்தச் சொல்லுங்கள்.

‘பிறழ்சாட்சியாக மாறினார்’, ‘பிறழ்சாட்சியம் அளித்தார்’ – எது சரி? பிறழ்சாட்சின்னா பொய்சாட்சிதானே?

சாட்சி என்பது ஆள், சாட்சியம் என்பது அவர் சொல்வது. ஆகவே பிறழ்சாட்சியாக மாறலாம், பிறழ்சாட்சியம் அளிக்கலாம், இரண்டும் சரி. ‘பிறழ்சாட்சி அளித்தார்’ என்பதுதான் கூடாது.

பொய்சாட்சி வேறு. தன்னை அழைத்த தரப்புக்கு ஆதரவாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், கூண்டில் ஏறியபின் முன்பு சொன்னதிலிருந்து மாறினால் அவர் பிறழ்சாட்சி. முன்பு சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்பதை இந்தச் சொல் தீர்ப்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இப்படி ஒரு பெயரே இல்லை. அழைத்த தரப்பே தன் சாட்சியைக் குறுக்கு விசாரணை போலக் கேள்வி கேட்க நீதிமன்றம் இசையலாம் என்று 154-ஆம் பிரிவு சொன்னது, அவ்வளவுதான். 2024 சூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறையில் இருக்கிறது. பிறழ்ந்துவிட்டார் என்பதாலேயே அவர் சொன்னது அனைத்தும் அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பகவான் சிங் எதிர் அரியானா மாநிலம் வழக்கில் கூறியது.

எனக்கு இந்தச் சொல்லில் ஒரு குறை உண்டு. விலகுவுக்கு விலக்கு இருப்பது போல, திரிவதற்குத் திரிப்பது இருப்பது போல, பிறழ்வதற்குப் புழக்கத்தில் உள்ள பிறவினை இல்லை. ஆகவே ‘சாட்சி பிறழ்ந்தார்’ என்று எழுதியவுடன் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் ஏறுகிறது. அவரை யாராவது மிரட்டியிருந்தால் அது வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. அதற்கு நீதிமன்ற வட்டாரத்தில் ‘சாட்சியைக் கலைத்தல்’ என்ற தனி வழக்கு இருக்கிறது. நடந்தது அதுதான் என்று தெரிந்தால் அதையே எழுதுங்கள்.

மனநிலை பிறழ்ந்தவர், பாலியல் பிறழ்வு – இப்படியெல்லாம் இன்னும் எழுதலாமா?

ஆட்களுக்குப் பெயராக எழுத வேண்டாம் என்பதே என் விடை. பிறழ்வு என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று மேலே சொன்னேன். சுவருக்கே பொருந்தாத சொல் மனிதருக்குப் பொருந்துமா? சட்டத்தின் பெயரே இதில் நகர்ந்து வந்திருக்கிறது: 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் பைத்தியம் என்னும் பொருள்படும் சொல் இருந்தது, 1987-இல் அது மனநலச் சட்டமாயிற்று, இப்போது இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. ‘மனநோய் உள்ளவர்’, ‘மனநலச் சிகிச்சையில் இருப்பவர்’ என்று எழுதினால் செய்தியும் குறையாது, ஆளும் குறைபடமாட்டார்.

‘பாலியல் பிறழ்வு’ என்று தன்பாலீர்ப்பைக் குறிப்பது பழைய பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் வந்தது. வயதுவந்தோர் இசைந்த உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாக்குவது செல்லாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022-இல் தன்பாலீர்ப்பினர் முதலானோரைக் குறிக்க மதிப்பான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. இதற்குப் பிறகும் பிறழ்வு என்று எழுதுபவர் மொழியறியாமல் எழுதுகிறார் என்று நான் கொள்வதில்லை. எழுதியவரைக் கேட்டே திருத்துகிறேன். பழைய மேற்கோளாக இருந்தால் மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஆபீஸ் கடிதத்துல ஒரு ஊழியர் மேல எழுதும்போது விதிமீறல், ஒழுங்கீனம், முறைகேடு, நெறிபிறழ்வு – எதைப் போடறது?

குறிப்பாணை எழுதும் இடத்தில் அழகுக்குச் சொல் மாற்றவே கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனிக் குற்றச்சாட்டு. எழுதப்பட்ட விதி ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால்தான் விதிமீறல். நடத்தை சரியில்லை என்றால் ஒழுங்கீனம். கணக்கு, கொள்முதல், நியமனம் ஆகியவற்றில் நடைமுறை பின்பற்றப்படாமல் ஏதோ நடந்திருக்கிறது என்றால் முறைகேடு. இன்றைய வழக்கில் இதற்குள் பணவாசனை வந்துவிட்டது என்பதால், வெறும் தாமதத்துக்கு இதை எழுதாதீர்கள். நெறிபிறழ்வு கட்டுரைக்குரிய சொல். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘செவன்டீன் பி போட்டுட்டாங்க’ என்றால் பெருந்தண்டனைக்கு உரிய விதியின் கீழ் நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கோப்பில் முதல் பக்கத்தில் ‘விதிமீறல்’ என்றும் மூன்றாம் பக்கத்தில் ‘முறைகேடு’ என்றும் இருந்தால், ஊழியரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

இதுக்கெல்லாம் எதிர்ச்சொல் என்ன?

அளவுகோலின் உருவத்தைப் பொறுத்தது என்ற அதே விடைதான். கோட்டத்துக்கு எதிர் செப்பம். இழுக்கத்துக்கு எதிர் ஒழுக்கம். வழுவுக்கு எதிர் வழாநிலை. திரிபுக்கு எதிர் இயல்பு. பிறழ்வுக்குத் தனி எதிர்ச்சொல் கிடையாது, ‘பிறழாமை’ என்று எதிர்மறையாகத்தான் சொல்ல வேண்டும். ‘உறழ்வு’ என்பதை எதிர்ச்சொல் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது ஒரே இடத்தில் இரண்டு வடிவங்களும் ஏற்கப்படுவது. ஒலி ஒற்றுமை தவிர இரண்டுக்கும் உறவில்லை.

கவிஞர்கள் வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? மெய்ப்புத் திருத்துபவர் அதைத் திருத்தலாமா?

ஓசைக்காகச் சொல்லை நீட்டுவதும் குறுக்குவதும் செய்யுள் விகாரம். வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று நன்னூல் அவற்றுக்குப் பெயர் வைத்து அனுமதித்திருக்கிறது. மரபை மாற்றினால் மரபு வழுவமைதி. குயில் கூவும் என்பதே மரபு; பாரதியார் ‘கத்துங் குயிலோசை’ என்று எழுதினார், பள்ளி இலக்கணப் புத்தகங்கள் இன்றும் அதையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. ‘கூவும்’ என்று அந்த இடத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தென்னங்கீற்றிலிருந்து அந்தக் குயில் பறந்துபோய்விடும்.

திருத்தலாமா என்ற கேள்விக்கு என் நடைமுறையைச் சொல்கிறேன். வேண்டுமென்று செய்தது ஒரு நூலில் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத் திரும்ப வரும். தெரியாமல் நேர்ந்தது ஒரு பக்கத்தில் ஒருவிதமாகவும் மறுபக்கத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஐயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு மையை எடுப்பதில்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறிய கேள்விக்குறி இட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறேன். போன மாதம் ஒரு தொகுப்பில் இப்படிப் பதினோரு கேள்விக்குறிகள் போட்டேன். ஒன்பதற்கு எதிரே ‘இருக்கட்டும்’ என்று எழுதி வந்தது. மற்ற இரண்டுக்கு எதிரே ‘ஐயோ’ என்று மட்டும் இருந்தது.